கூழ் அண்டாவுக்கு மோட்டார் துடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறந்துவிட்டால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். 50 லிட்டர் அண்டாவில் கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல், அடிபிடிக்காமல் முக்கால் மணி நேரம் கிண்ட இரண்டு பேர் மாறி மாறி நிற்க வேண்டும். மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியாது. அந்தத் துடுப்பை மோட்டாரிடம் ஒப்படைப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன. அமைப்பு புதிதல்ல. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறும் பாத்திரத்தின் மேல் கார் வைப்பர் மோட்டாரை மாட்டிக் கிளறுகிறார்கள். கூழ் அதைவிட முரட்டுச் சரக்கு என்பதால் சில இடங்களில் மாற்றம் வேண்டும்.

மிக்ஸி மோட்டாரோ டிரில் மெஷினோ வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் என்ன?

போடாதீர்கள். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடுவது. டிரில் 2,000 சுற்றுக்கு மேல். கூழுக்கு வேண்டியது 15 முதல் 40 சுற்று. டிரில்லின் விசையைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டலாமே என்று தோன்றும். அதன் குளிர்விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சுமை மட்டும் முழுசாக ஏறும். பத்து நிமிடத்தில் சுருள் கருகும் வாடை வரும்.

இந்த வேலையில் எல்லாரும் முதலில் தவறுவது இங்கேதான். வேகத்தைப் பார்த்து மோட்டார் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது முறுக்கு விசையை.

என் அண்டாவுக்கு எவ்வளவு முறுக்கு விசை வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீன் எடை போடும் தொங்கு தராசு ஒன்று போதும். அடுத்த முறை கையால் கிண்டும்போது, கூழ் நன்றாக இறுகிய நேரத்தில், துடுப்பை அண்டாவின் நடுவில் செங்குத்தாக நிறுத்துங்கள். துடுப்புக் கம்பின் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி இழுங்கள். துடுப்பு நகர ஆரம்பிக்கும்போது தராசு 3 கிலோ காட்டினால், 3 × 20 = 60 கிலோ-செ.மீ. கியர் மோட்டார் விற்கும் கடையில் இதே அளவில்தான் பேசுவார்கள். சிலர் நியூட்டன் மீட்டர் என்பார்கள். பத்தால் வகுத்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும்.

நீங்கள் அளந்தது சாதாரணச் சுமை. அடியில் ஒரு கட்டி சிக்கினால் அது சட்டென்று இரட்டிக்கும். அதனால் அளந்ததைப் போல் இரண்டு மடங்காவது தாங்கும் மோட்டார் வேண்டும்.

வைப்பர் மோட்டார் இதற்குப் போதுமா?

50 லிட்டர் அண்டாவில் பாதி அளவு கூழ் வரை போதும். கார் வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும். உள்ளே வேகத்தைக் குறைக்கும் புழு கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) இருப்பதால் வெளித்தண்டு மெதுவேகத்தில் சுமார் 40 சுற்றும் அதிவேகத்தில் சுமார் 60 சுற்றும் சுற்றும். பிடித்து நிறுத்தினால் 200 கிலோ-செ.மீ.க்கு மேல்கூட முறுக்கும். ஆனால் அது ஒரு நொடிக்கான பலம். முக்கால் மணி நேரம் சூடேறாமல் ஓட வேண்டுமானால் 50, 60 கிலோ-செ.மீ.க்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. தராசில் அதற்கு மேல் காட்டியிருந்தால் கீழே சங்கிலி பற்றிய பதிலைப் படியுங்கள்.

எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

பழையது வேண்டுமென்றால் பழைய வாகன உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை. பஸ், லாரியில் இருந்து கழற்றியது பெரும்பாலும் 24 வோல்ட். முறுக்கு அதிகம்தான், ஆனால் மின்சப்ளையும் 24 வோல்ட்டில் தேட வேண்டும். கார் மோட்டாரே வசதி. மோட்டாரோடு சேர்ந்து வரும் கிராங்க் கை, அதன் நட்டு, வயர் சாக்கெட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தண்டின் நுனி கூம்பாகவும் பல்லுப் பல்லாகவும் இருக்கும். அதில் சரியாக உட்காருவது அந்தக் கிராங்க் கைதான். லேத்தில் புதிதாகக் கடைவதைவிட, கிராங்க் கையை வெட்டி அதன் மேல் குழாயை வெல்ட் செய்வது சுலபம்.

கடையிலேயே பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டும் தண்டு விட்டு விட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கும் நைலான் கியரின் பல் போயிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அது வேண்டாம்.

மோட்டாரில் நாலு வயர், ஐந்து வயர் வருகிறதே. எது எது?

மெதுவேகம், அதிவேகம், நெகட்டிவ், மற்றவை வைப்பரைக் கண்ணாடியின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கானவை. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவை ஒரு வயரில் வைத்து மற்றவற்றில் பாசிட்டிவை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றுகிற ஜோடிதான் வேண்டும். எதிலும் சுற்றாவிட்டால் நெகட்டிவை மோட்டாரின் உடம்பில் வையுங்கள். பல மோட்டார்களில் உடம்பே நெகட்டிவ். நிறுத்தும் வயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள்.

உடம்பு நெகட்டிவாக உள்ள மோட்டாரில் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றி எதிர்ப்பக்கம் சுழற்றினால், உடம்பும் சட்டமும் அண்டாவும் பாசிட்டிவ் ஆகிவிடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் நெகட்டிவ் வயர் அண்டாவில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது? எல்.இ.டி. பெட்டி போதுமா?

எல்.இ.டி. விளக்குக்கு வரும் 5 ஆம்பியர் மின்சப்ளைப் பெட்டி போதாது. மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் 15, 20 ஆம்பியர் கேட்கும். சிறிய பெட்டி உடனே தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். மோட்டார் விக்கல் எடுப்பதுபோல் துடிக்கும். பலரும் மோட்டார் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 12 ஆக மாற்றும் பெட்டி) வாங்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும்.

தெருவில் பந்தல் போட்டுக் காய்ச்சுவதென்றால் கார் பேட்டரியே மேல். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு அண்டாவுக்கு 6 ஆம்பியர்-மணிதான் செலவாகும். கிளம்பும் இழுப்பை அது பொருட்படுத்தாது. கரண்ட் போனாலும் துடுப்பு நிற்காது. பைக் பேட்டரி வேண்டாம். பேட்டரியை அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அந்த 3 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள். போக 3, வர 3 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் நஷ்டமாகும். வீட்டில் பல்புக்குப் போட்ட 0.75 வயரை மாட்டினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். கூழ் இறுகும் நேரத்தில்தான் ஆம்பியர் ஏறும், அப்போதுதான் வோல்ட்டும் விழும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் கார் ஃப்யூஸ் ஒன்று, அதற்கடுத்து தட்டினால் அணையும் சிவப்புக் குமிழ் ஸ்விட்ச், ஒரு டி.சி. ஆம்ப் மீட்டர். மீட்டரை ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று காய்ச்சும் முறையில் வரும்.

40 சுற்று வேகமாகத் தெரிகிறதே. ஸ்பீடு கன்ட்ரோலர் போட்டுக் குறைக்கலாமா?

கூழில் சேர்க்கும் நொய் (அரிசிக் குருணை) வேகும் கட்டத்தில் போடலாம். இறுகும் கட்டத்தில் ஏமாற்றும். கன்ட்ரோலர் வேகத்தைக் குறைப்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பி. பாதிக்குக் குறைத்தால் மோட்டாரால் தரக்கூடிய அதிகபட்ச முறுக்கும் ஏறக்குறைய பாதியாகும். கூழ் கெட்டியாகும்போது துடுப்பு நின்றுவிடும்.

குறைக்க வேண்டுமானால் பல்சக்கரத்தால் குறையுங்கள். சைக்கிளின் பின்சக்கர 18 பல் ஃப்ரீவீலை மோட்டார் தண்டிலும், பெடலோடு வரும் 44 பல் சக்கரத்தைத் துடுப்புத் தண்டிலும் மாட்டிச் சங்கிலி போட்டால் 40 சுற்று 16 ஆகும். முறுக்கு இரண்டரை மடங்கை நெருங்கும். ஃப்ரீவீல் ஒரு பக்கம்தான் பிடிக்கும் என்பதால் உள்ளே இரண்டு இடத்தில் வெல்ட் வைத்துப் பூட்டிவிடுங்கள். சைக்கிளில் சங்கிலி செங்குத்தாக ஓடுகிறது, இங்கே படுக்கைவசமாக ஓட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் தொங்கிக் கழன்றுவிடும். மோட்டார் தகட்டில் நீளத் துளை போட்டு, இழுத்து இறுக்கும்படி வையுங்கள். சங்கிலிக்கு அடியில் விளிம்பு மடித்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அம்மனுக்குக் கிரீஸ் கலந்த கூழ்தான்.

துடுப்பை எப்படி வடிவமைப்பது?

பாதி வேலை இதுதான். மோட்டாருக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது இதற்குச் செலவழியுங்கள்.

அண்டாவின் அடி தட்டை அல்ல, குழிவானது. நேரான பலகையை உள்ளே விட்டால் நடுவில் மட்டும் தொடாது, ஓரத்தில் இடிக்கும். அதனால் முதலில் அடியின் வளைவைப் பிரதி எடுங்கள். கட்டடத்துக்குப் போடும் 6 மி.மீ. கம்பியை அண்டாவின் நடுவிலிருந்து சுவர் வரை படியப் படிய வளைத்து, வெளியே எடுத்து அட்டையில் வரையுங்கள். அட்டையை வெட்டி மறுபடி உள்ளே வைத்துச் சரிபாருங்கள். பட்டறைக்காரருக்குக் கொடுக்க வேண்டியது இந்த அட்டைதான். வாயால் சொல்லும் அளவை அவர் நேராகத்தான் வெட்டுவார்.

நடுத்தண்டுக்கு 25 மி.மீ. எஸ்.எஸ். (எவர்சில்வர்) குழாய், சுவர் கனம் 1.6 மி.மீ. அடியில் இரு பக்கமும் விரியும் நங்கூரம் போன்ற சட்டம், 25 × 5 மி.மீ. பட்டையில். சட்டத்துக்கும் அண்டாவுக்கும் இடையே 8 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் 6 மி.மீ. டெஃப்ளான் தகட்டை வெட்டி, அடியைத் தொட்டு வழிக்கும்படி மாட்டுங்கள். இரும்பை நேராக அலுமினியத்தில் உரசவிட்டால் கூழில் சாம்பல் நிறம் இறங்கும். நைலான், பிளாஸ்டிக் அடியின் சூட்டில் இளகிவிடும். டெஃப்ளான் 260 டிகிரி வரை தாங்கும். தண்ணீரும் மாவும் அடியில் இருக்கும்வரை அவ்வளவு சூடு ஏறாது. வெறும் அண்டாவை அடுப்பில் வைத்துத் துடுப்பைச் சுற்றாதீர்கள், அவ்வளவுதான்.

டெஃப்ளானை ஸ்க்ரூ போட்டு மாட்டினால் அதிர்வில் நட்டு கழன்று கூழுக்குள் விழும். எஸ்.எஸ். ரிவெட் அடியுங்கள். ஸ்க்ரூதான் என்றால் இரட்டை நட்டு போட்டு, நுனியைச் சுத்தியால் தட்டி மலர்த்திவிடுங்கள்.

நங்கூரம் மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். கூழ் முழுவதும் துடுப்போடு சேர்ந்து ஒரே உருண்டையாகச் சுற்றும். மேலே பார்த்தால் அருமையாகக் கிண்டுவதுபோல் இருக்கும், உள்ளே ஒன்றும் கலக்காது. இதற்கு மருந்து அசையாத ஒரு கம்பி. மேலே உள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து 12 மி.மீ. எஸ்.எஸ். கம்பி ஒன்றை, நடுவுக்கும் சுவருக்கும் பாதி வழியில், நங்கூரத்துக்கு 2 செ.மீ. மேல் வரை இறக்குங்கள். சுற்றிவரும் கூழ் அதில் மோதிப் பிளந்து பிரளும். நடுத்தண்டில் பாதி உயரத்தில் 45 டிகிரி சாய்ந்த சின்னத் தகடு ஒன்றும் வைக்கலாம், அந்தக் கம்பியில் இடிக்காத நீளத்தில். கீழிருப்பதை மேலே தள்ளும்படி சாய்வு இருக்க வேண்டும்.

மோட்டார் தண்டையும் துடுப்பையும் வெல்ட் வைத்து ஒன்றாக்கிவிடலாமா?

கூடாது. மூன்று காரணம். வைப்பர் மோட்டாரில் தண்டைப் பிடித்திருக்கும் புஷ் கீழ்நோக்கித் தொங்கும் பாரத்தைத் தாங்க வடிவமைத்ததல்ல. அண்டாவின் அடி எப்போதும் சரியான வட்டம் இல்லை, துடுப்பு ஓரிரு மி.மீ. ஏறி இறங்க இடம் வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: புழு கியரை வெளித்தண்டிலிருந்து திருப்ப முடியாது. மோட்டார் நின்றால் துடுப்பும் பூட்டிக்கொள்ளும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கையாலும் கிண்ட முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

மோட்டார் பக்கக் குழாயின் உள்விட்டம் துடுப்புக் குழாய் தளர்வாக நுழையும் அளவு இருக்கட்டும். அதன் வாயில் கீழ்நோக்கித் திறந்த பிளவு 30 மி.மீ. நீளத்துக்கு இரு பக்கமும் வெட்டுங்கள். துடுப்புக் குழாயின் மேல்நுனியில் 8 மி.மீ. குறுக்கு ஆணி. ஆணி பிளவுக்குள் உட்காரும், முறுக்கு கடக்கும், பாரம் கடக்காது. துடுப்பு அண்டாவின் அடியிலேயே தன் எடையில் உட்கார்ந்திருக்கும். மோட்டாரைத் தூக்கினால் துடுப்பு தனியாகிவிடும், குறுக்கே ஒரு கம்பியைச் செருகிக் கையால் சுற்றலாம்.

எஸ்.எஸ். எளிதில் துருப்பிடிக்காத 304 ரகம்தானா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. காந்தம் ஒட்டாத 202 ரகமும் இருக்கிறது, கடையில் மலிவாகக் கிடைப்பதும் அதுதான். புளித்த மாவிலும் கடற்காற்றிலும் 202 சீக்கிரம் துருப்புள்ளி காட்டும். எஸ்.எஸ். கடைகளில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்துக் காட்டுவார்கள். 202 என்றால் சொட்டு சிவப்பாகும். அதைக் கேட்டு வாங்குங்கள். வெல்டிங்கும் 304க்கு உரிய கம்பியில், ஆர்கான் வெல்டிங்காக இருக்க வேண்டும். சாதாரண ராடில் ஒட்டினால் துரு முதலில் வருவது அந்த ஒட்டில்தான்.

மோட்டாரை அண்டா மேல் எப்படி நிறுத்துவது?

25 × 25 சதுரக் குழாய் ஒன்றை அண்டாவின் வாய்க்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் அண்டாவின் காதுகளோடு யூ-போல்ட்டால் இறுக்குங்கள். சும்மா மேலே வைத்தால் துடுப்பு நிற்கும், மோட்டாரும் குழாயும்தான் சுற்றும். துடுப்பு ஒரு பக்கம் முறுக்கினால் அதே அளவு சட்டம் மறுபக்கம் முறுக்கும். இதை மறந்து முதல் தடவையே வயரைச் சுற்றிக்கொண்டு அறுத்தவர்கள் நிறைய.

மோட்டார் நேராக ஆவிக்கு மேல் நிற்கக் கூடாது. அண்டா வாயிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், அடியில் 25 செ.மீ. அகலத் தட்டு ஒன்றை நடுவில் துளைத்து மாட்டுங்கள். ஆவியும் தடுக்கும், மோட்டார் கிரீஸ் வழிந்தாலும் அதிலேயே நிற்கும். வயரைக் குழாயின் உள்ளேயே ஓடவிடுங்கள், அண்டாவின் பக்கவாட்டில் ஏறும் தழலில் டேப் போட்ட இணைப்பெல்லாம் உருகிவிடும்.

சரி, இதில் கூழ் காய்ச்சும் முறை?

50 லிட்டர் அண்டாவுக்குக் கணக்கு: புளிக்க வைத்த கேழ்வரகு மாவு 4 கிலோ, நொய் 1 கிலோ, தண்ணீர் 22 லிட்டர். பாதிக்குச் சற்று மேல் நிற்கும். அதற்கு மேல் போகாதீர்கள், கொதிக்கும் கூழ் தெறிக்கும்.

முந்தின நாளே மாவை 8 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பீர்கள். மீதி 14 லிட்டரைக் கொதிக்கவிட்டு, துடுப்பை ஓடவிட்டு, நொய்யைப் போடுங்கள். நொய் அடியில் உட்கார்ந்து முதலில் பிடிப்பது என்பதால் இங்கேயே மோட்டார் வேண்டும். 20 நிமிடத்தில் மசியும். மீட்டரில் 2, 3 ஆம்பியர் காட்டும்.

அடுப்பைக் குறையுங்கள். கரைத்த மாவில் அடியில் தங்கியதை நன்றாகக் கலக்கி, துடுப்பு ஓடும்போதே மெல்லிய ஒழுக்காக, 5 நிமிடம் எடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டிதான். 70 டிகிரியை நெருங்கும் சூட்டில் மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு சிக்கிவிடும். அதன் பிறகு எந்த மோட்டாராலும் உடைக்க முடியாது.

இனி கண்ணை அண்டாவில் வைப்பதைவிட மீட்டரில் வையுங்கள். மாவு வீங்கத் தொடங்கியதும் ஆம்பியர் ஏறும். 5, 6க்கு வந்து அங்கேயே நின்றால் சரியாகப் போகிறது. 8ஐத் தாண்டினால் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் அரை லிட்டர் விடுங்கள். இதற்காகவே 3 லிட்டர் தனியாக வைத்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கூழ் திரிந்ததுபோல் பிரியும். ஆம்பியர் சீராக இருந்தது திடீரென்று ஏறி இறங்கி ஏறி இறங்கினால் அடியில் ஓரிடத்தில் பிடித்திருக்கிறது, துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதில் தட்டுகிறது. உடனே தீயைக் குறையுங்கள். உங்கள் மோட்டாரின் எண்கள் சற்று முன்பின் இருக்கலாம், முதல் அண்டாவில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவு ஊற்றியபின் 25 முதல் 35 நிமிடம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதே பழைய பதம்தான். அடுப்பை அணைத்த பிறகும் துடுப்பு 10 நிமிடம் ஓடட்டும். அடிபிடிக்கிற கூழில் பாதி அடுப்பை அணைத்த பிறகு பிடிப்பது, அண்டாவின் அடியில் தங்கிய சூட்டால். கையால் கிண்டுகிறவர் அணைத்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், பாவம். மோட்டாருக்கு அந்த அலுப்பு இல்லை.

நடுவில் மோட்டார் நின்றுவிட்டால்?

முதலில் அடுப்பை அணையுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். மோட்டாரைத் தூக்கித் துடுப்பைக் கையால் இரண்டு சுற்று சுற்றி இளக்குங்கள். இறுகிய கூழில் நின்ற துடுப்பை நேராக ஸ்விட்ச் போட்டுக் கிளப்பப் பார்த்தால் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போகாவிட்டால் கியர் பல் போகும். மோட்டார் உடம்பில் கைவைத்துப் பொறுக்க முடியாத சூடு என்றால் 15 நிமிடம் ஓய்வு கொடுங்கள். வைப்பர் மோட்டாருக்கு மழையின் குளிர்ச்சியில் ஓடித்தான் பழக்கம், அடுப்பு மேல் அல்ல.

100 லிட்டர் அண்டாவுக்கு?

வைப்பர் மோட்டாரை மறந்துவிடுங்கள். கொள்ளளவு இரண்டு மடங்கானால் அகலமும் உயரமும் கால் பங்கு கூடும். துடுப்பின் நீளம், உயரம், நடுவிலிருந்து தள்ளியிருக்கும் தூரம் மூன்றும் சேர்ந்து முறுக்கு குறைந்தது இரண்டு மடங்காகிவிடும். கால் குதிரைத்திறன், 1,440 சுற்று, சிங்கிள் பேஸ் மோட்டாரோடு 1:60 புழு கியர் பெட்டி போட்டால் 24 சுற்று கிடைக்கும், முறுக்கு 400 கிலோ-செ.மீ. அளவில் வரும். இது நிற்காது, எதிர்ப்பட்டதை வளைத்துவிடும். ஆகவே இணைப்பில் 8 மி.மீ. எஸ்.எஸ். ஆணிக்குப் பதிலாக 4 மி.மீ. பித்தளை ஆணி. எங்காவது சிக்கினால் அது முறியட்டும். கையில் நாலு உபரி ஆணி இருக்கட்டும்.

தெருவில் ஈரத்தரையில் வைத்து ஓட்டுவது ஆபத்தில்லையா?

12 வோல்ட் பக்கம் ஆபத்தில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் 230 வோல்ட் பக்கம்தான் ஆபத்து. அதை மேசை மேல் வைத்து, எர்த் இணைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) வழியாகவே எடுங்கள். மைக் செட்டுக்கு இழுத்த வயரில் ஒட்டு போடாதீர்கள். 100 லிட்டர் அமைப்பில் மோட்டாரே 230 வோல்ட் என்பதால் சட்டமும் அண்டாவும் சேர்த்து எர்த் ஆக வேண்டும்.

மின்சாரத்தைவிட அடிக்கடி நடப்பது துணி சுற்றிக்கொள்வது. முந்தானை, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு. 40 சுற்றுதானே என்று அலட்சியம் வரும். விரலை முறிக்க அது போதும். உப்பு பார்க்கக் கரண்டியை விடும்போதும் அணைத்துவிட்டு விடுங்கள். குமிழ் ஸ்விட்ச் அண்டாவிலிருந்து கை எட்டும் தூரத்தில், ஆனால் அண்டாவைத் தாண்டிக் கை நீட்டாத பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதே இயந்திரத்தில் மால்ட் காய்ச்சலாமா? பீருக்கு?

மால்ட் வரை தாராளமாக. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி 1 கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 65 டிகிரி, ஒரு மணி நேரம். மாவுச்சத்து தானாகச் சர்க்கரையாகும். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் அயோடின் விட்டால் நீலக்கறுப்பு வரக் கூடாது. வடித்துச் சுண்டக் காய்ச்சினால் மால்ட் பாகு. கூழுக்கு நேர்மாறாக, இங்கே முறுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, சூட்டைச் சமமாக வைப்பதுதான் வேலை. கிளறாமல் அடியில் தீ வைத்தால் மேலே 65 காட்டும்போது அடியில் 75ஐத் தாண்டிவிடும், மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அங்கே செத்துவிடும். 16 சுற்றுக்கு மேல் வேண்டாம். வேகமாகச் சுற்றினால் உமி பொடியாகி, வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். டெஃப்ளான் வழிப்பான் அடியைத் தொடவும் வேண்டியதில்லை.

அந்தச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால் பீர். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குக் குடிக்கத்தான் என்பது விதிவிலக்கல்ல. ஆகவே இங்கே பாகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் விசிறியில் காந்தம் ஒட்டிக் கலக்கும் தட்டு பார்த்திருக்கிறேன். அது சுலபமில்லையா?

அது ஒரு லிட்டர் குடுவையில் தண்ணீர் போன்ற திரவத்தைக் கலக்க. கூழில் காந்தத் துண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும்.

கழுவுவதும், அடுத்த ஆடி வரை வைப்பதும்?

கூழை இறக்கியதும் துடுப்பைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். காய்ந்துவிட்டால் கோந்துபோல் பிடித்துக்கொள்ளும், கம்பி நார் போட்டுத் தேய்த்தால் டெஃப்ளானில் கீறல் விழுந்து அடுத்த முறை மாவு அதில் தங்கும். இரண்டு மணி நேரம் ஊறினால் தேங்காய் நாரிலேயே போய்விடும். மோட்டாரின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடலோரத்தில் இரும்பும் செம்பும் சீக்கிரம் அரிக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் திறந்த மொட்டை மாடியில் வைத்தால் ஆறே மாதத்தில் வயர் நுனி பச்சை பூத்துவிடும். வயர் நுனிகளுக்கு ஈயம் பூசிய லக் போட்டு, வாசலின் தடவி, மோட்டாரை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓட்டினால் புஷ் பிடித்துக்கொள்ளாது. ஆனி பிறந்ததும் டெஃப்ளான் விளிம்பைப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் தேய்ந்து, சட்டம் அடியை நெருங்கியிருந்தால் தகட்டை மாற்றுங்கள், பேட்டரியை சார்ஜ் போடுங்கள்.